தொடை எலும்பும் மரக்கன்றும்

புதுச்சேரிச் சரித்திரம் என்றால் வாசகர்கள் டூப்ளேயையும் லாலியையும் எதிர்பார்ப்பார்கள். கோட்டை, முற்றுகை, பீரங்கி, கடைசியில் ஒரு சரணாகதி இவையெல்லாம் வரவேண்டும் என்று நினைப்பார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதி வைத்த நாட்குறிப்பு ஒன்று போதும். அதை வைத்துக்கொண்டே ஆயுள் முழுவதும் கட்டுரை எழுதலாம். நான் சொல்லப்போவது அவ்வளவு பெரிய விஷயமல்ல. இந்த ஊரில் ஒருவருக்கு ஒரு நாள் இரவில் தொடை எலும்பு முறிந்தது. அவர் மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டார். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் கதை எனக்கு ஏன் அவசியமாயிற்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மனிதனுடைய முதுகெலும்பின் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை மாதிரி 23 வட்டுகள் இருக்கின்றன. மேலே உறை, உள்ளே கெட்டியான கூழ் போன்ற பொருள். நாம் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் பாரத்தைத் தாங்கிக்கொள்வது இவைதாம். எல்லாவற்றையும் விட அதிக உழைப்பு இடுப்பின் அடியிலுள்ள இரண்டுக்கு. அந்த இரண்டில் ஒன்று, என்னுடைய முப்பது வருஷ எழுத்து உத்தியோகத்தைத் தாங்கித் தாங்கி அலுத்துப் போயிற்று போலிருக்கிறது. உறை கிழிந்து, உள்ளே இருந்தது பிதுங்கிக்கொண்டு வெளியே வந்து, இடது காலுக்குப் போகும் நரம்பின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. வலி முதுகில் இருந்தால் புரிந்துகொள்ளலாம். அது பிட்டத்தில் புறப்பட்டுக் கெண்டைக்கால் வழியாகக் கட்டைவிரல் வரையில் மின்சாரம் போல் ஓடிற்று. மாத்திரைகளும் ஊசிகளும் தீர்ந்த பிறகு சென்ற வருஷம் ரண சிகிச்சை நடந்தது.

காலில் ஓடிய வலி மயக்கம் தெளிந்த அன்றே போய்விட்டது. அதற்குப் பதிலாக இடுப்பில் கத்தி பட்ட இடத்தின் வலி வந்து சேர்ந்தது. கட்டைவிரலில் மரத்துப்போன உணர்ச்சி மட்டும் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்து அனுப்பிய காகிதத்தில், "ஓய்வு தேவை, கடின வேலை கூடாது, மெதுவாக நடக்கவும்" என்று மூன்று வரிகள். எவ்வளவு ஓய்வு? எது கடின வேலை? மெதுவாக என்றால் எத்தனை மெதுவாக? நாவலாசிரியன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவது கடின வேலையா, லேசான வேலையா? காகிதம் பேசவில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை பாதியில் நின்றிருந்தது. மறுபடி உட்கார முடியுமா என்ற ஒரு கேள்விதான் எனக்கு அப்போது உலகம்.

புதுச்சேரியில் இருக்கும் என் தமக்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அக்காவின் கவனிப்பு ஒரு காரணம். மற்றொரு காரணம் கடற்கரைச் சாலை. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரையில் அங்கே வண்டிகளை விடுவதில்லை. மேடு பள்ளம் இல்லாத தரை. களைத்தால் உட்காரக் கடலோரத்துச் சுவர். பின்னாலிருந்து ஹார்ன் அடித்துத் தூக்கிவாரிப்போடச் செய்பவர்கள் கிடையாது. நடை பழகுகிறவனுக்கு இதைவிட உத்தமமான இடம் எது?

நடந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் படுக்கை. அக்கா வீட்டு அலமாரியில் டாக்டர் நிரோத்பரன், ஸ்ரீ அரவிந்தரோடு தாம் இருந்த பன்னிரண்டு வருஷங்களைப் பற்றி எழுதிய புத்தகம் இருந்தது. நிரோத்பரன் எடின்பரோவில் வைத்தியம் படித்தவர். பிறகு ஆசிரமத்துக்கு வந்து தங்கிவிட்டவர். அந்தப் பன்னிரண்டு வருஷங்கள் ஆரம்பமாவதே ஒரு விபத்தில்தான். பக்தி நூல் என்று எண்ணிக் கையில் எடுத்தேன். அதில் ஒரு நோயாளியின் தினசரி வாழ்க்கை இருப்பதைக் கண்டதும் எழுந்து உட்கார வேண்டும் போலிருந்தது. உட்காரத்தான் அனுமதி இல்லை.

ஸ்ரீ அரவிந்தர் 1910 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்தார். 1926 நவம்பருக்குப் பிறகு வெளியுலகத்தோடு நேர்ப் பழக்கத்தை நிறுத்திக்கொண்டு தம் அறைகளுக்குள்ளேயே இருந்துவிட்டார். வருஷத்தில் சில தரிசன நாட்களில் மட்டும் ஜனங்கள் அவரைப் பார்க்கலாம். வெளியே வராதவர் என்பதால் நடக்காதவர் என்று நினைத்துவிடக் கூடாது. அறைக்குள்ளேயே நாள்தோறும் பல மணி நேரம் முன்னும் பின்னும் நடப்பது அவருடைய வழக்கம்.

1938 நவம்பர் 24 ஒரு தரிசன நாள். பல ஊர்களிலிருந்தும் கூட்டம் வந்து காத்திருந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த உட்ரோ வில்ஸனின் மகள் மார்கரெட் வில்ஸன் கடல் கடந்து வந்திருந்தார். விடிவதற்கு முன்னால், நடுநிசி கடந்த நேரத்தில், அறையில் கிடந்த புலித்தோலில் ஸ்ரீ அரவிந்தரின் கால் தடுக்கிற்று. விழுந்தார். வலது தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்துவிட்டது. தரிசனம் இல்லை என்ற செய்தி காலையில் பரவியபோது ஆசிரம வாசலில் இருந்தவர்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும்! (மார்கரெட் வில்ஸன் ஏமாற்றத்தோடு கப்பலேறிவிடவில்லை. இந்த ஊரிலேயே தங்கி 1944-ல் இங்கேயே காலமானார்.)

தரிசனத்துக்காக வந்திருந்த டாக்டர் மணிலால் முதலில் பார்த்தார். பிறகு பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்த கடலூரிலிருந்து ஒரு டாக்டர், சென்னையிலிருந்து எலும்பு நிபுணர், எக்ஸ்ரே, பிளாஸ்திரிக் கட்டு, பாரம் கட்டிக் காலை இழுத்து வைத்தல். பல வாரங்கள் படுக்கை. பன்னிரண்டு வருஷமாக யாரையும் அருகே அண்டவிடாத மனிதரைச் சுற்றி இப்போது நாலைந்து பேர் இரவும் பகலும் இருந்தார்கள். அவரைத் தூக்கவும் திருப்பவும் துடைக்கவும் அவர்கள் வேண்டியிருந்தது. இந்த இடத்தில் புத்தகத்தை மார்பின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன். பிறர் கையால் புரட்டப்படுவது எப்படிப்பட்ட அனுபவம் என்பது எனக்கு அப்போது புதிதாகத் தெரிந்திருந்தது. அவரோ அந்த ஆட்களோடு பேச ஆரம்பித்தார்! அரசியல், கவிதை, வைத்தியம், வேடிக்கை எல்லாம் உண்டு. அந்தப் பேச்சுகளை நிரோத்பரன் குறித்து வைத்ததால் அவை தனியாகவே புத்தகங்களாகிவிட்டன.

கட்டுப் பிரித்த பிறகுதான் நிஜமான சிரமம். எலும்பு கூடிவிட்டது, முழங்கால் மடங்க மறுத்தது. பல வாரம் அசையாமல் வைத்த மூட்டு அப்படித்தான் செய்யும். கொஞ்சம் கொஞ்சமாக மடக்கும் பயிற்சி, பிடித்துவிடுதல், கக்கத்தில் கட்டை வைத்து நடத்தல், இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்க நடத்தல், அப்புறம் கைத்தடி என்று படிப்படியாகப் போயிற்று. நாள்தோறும் பல மணி நேரம் நடந்த மனிதர், எண்ணி எடுத்த சில அடிகளோடு ஆரம்பித்தார். தரிசனம் மறுபடி நடந்தது 1939 ஏப்ரல் 24-ல். ஐந்து மாதம்! இந்தக் காலத்தில்தான் 1914 முதல் 1919 வரை 'ஆர்யா' பத்திரிகையில் தொடராக வந்த தம்முடைய பெரிய தத்துவ நூலை எடுத்து வைத்துக்கொண்டு அவர் திருத்தினார். அதன் முதல் பாகம் 1939-ல் வெளிவந்தது. தொடர்கதை பாதியில் நிற்கும் ஒருவனுக்கு இந்தச் செய்தி எத்தனை தெம்பு கொடுக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஐந்து மாதம் எதற்கு என்று இன்றைய வாசகர் கேட்பார். அந்தக் காலத்து வைத்தியத்தில் படுக்கையே பெரிய மருந்து. லண்டனில் ஜான் ஹில்டன் 1863-ல் ஓய்வும் வலியும் என்ற விஷயம் பற்றித் தம் சொற்பொழிவுகளைப் புத்தகமாக்கினார். லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ் என்ற எலும்பு வைத்தியர், ஓய்வு கட்டாயமாக இருக்க வேண்டும், இடைவிடாமல் இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். முறிந்த எலும்புக்கும் க்ஷயம் பிடித்த மூட்டுக்கும் அது நியாயம்தான். ஆனால் நல்ல மருந்து ஒன்று கிடைத்தால் அதை எல்லா நோய்க்கும் கொடுத்துப் பார்ப்பது வைத்தியர்களின் சுபாவம். பிரசவமா? படு. குடலிறக்கமா? படு. முதுகு வலியா? மூன்று வாரம் படு.

வட்டு பிதுங்குவதால்தான் காலில் வலி ஓடுகிறது என்பதே வெகு பிற்பாடுதான் தெரிந்தது. பிதுங்கியதை அறுத்து எடுத்த டாக்டர்கள் அதை ஏதோ கட்டி என்று நினைத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்திருந்தார்கள்! அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்ற இருவர் 1932-ல் ஒரு நோயாளிக்கு ரண சிகிச்சை செய்து, அது கட்டி அல்ல, வட்டின் உள்ளிருப்புத்தான் என்று கண்டு 1934-ல் எழுதினார்கள். நம் பக்கத்தில் வேலூரில் டாக்டர் ஜேகப் சாண்டி 1949-லும், சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-லும் நரம்பு ரண சிகிச்சைப் பிரிவுகளை ஆரம்பித்தார்கள்.

கத்தி முன்னேறியும் படுக்கை மாறவில்லை. 1947-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில டாக்டர், படுக்கையில் கிடப்பதன் அபாயங்களை வரிசையாகச் சொல்லிக் கேலியும் கோபமுமாக ஒரு கட்டுரை எழுதினார். ரத்தம் உறைகிறது, எலும்பு தேய்கிறது, தசை வற்றுகிறது, மனம் சோர்கிறது என்று எச்சரித்தார். கேட்டவர்கள் சிலர். அமெரிக்காவில் டெயோ என்பவரும் அவருடைய சகாக்களும் முதுகு வலிக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு 2 நாள் படுக்கை, மற்றவர்களுக்கு 7 நாள் படுக்கை என்று சொல்லிப் பார்த்து 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு நாள் படுத்தவர்களுக்கு அதிகப்படி லாபம் ஒன்றும் இல்லை; வேலைக்குப் போகாத நாட்கள்தாம் அதிகம். 1995-ல் பின்லாந்தில், முடிந்தவரை வழக்கமான காரியங்களைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள் என்று கண்டார்கள். இப்போது என்னைப் போன்றவர்களை ரண சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்கவிடுகிறார்கள்.

அப்படியானால் எழுந்து ஓடிவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் இன்னொருவர் கதை குறுக்கே வருகிறது.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடியைப் படங்களில் பார்த்தால் பந்து விளையாடுகிறவர் போல் இருப்பார். உண்மையில் முதுகு அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. 1944-ல் வட்டுக்காக ஒரு ரண சிகிச்சை. 1954 அக்டோபரில் நியூயார்க்கில் உலோகத் தகடு வைத்துப் பெரிய ரண சிகிச்சை. புண்ணில் விஷக் கிருமி புகுந்து, பாதிரியாரை அழைத்துக் கடைசிப் பிரார்த்தனை சொல்லும் நிலைமை வந்தது. 1955 பிப்ரவரியில் தகட்டை எடுக்க மீண்டும் ஒரு தடவை. மே மாதம் செனட் சபைக்குத் திரும்பினார். படுத்திருந்த மாதங்களில் உருவான புத்தகம் 1956-ல் வெளிவந்து மறுவருஷம் புலிட்சர் பரிசு பெற்றது. அதில் பெரும் பகுதி உழைப்பு அவருடைய உதவியாளர் ஸோரன்ஸனுடையது என்பது பிற்பாடு தெரிந்த விஷயம். முதுகு வலியால் எழுத்தாளர் உண்டாகலாம், ஆனால் எழுதுவதற்கு ஒரு ஸோரன்ஸன் வேண்டும் போலும்!

1961-ல் ஜனாதிபதியானார். மே 16-ஆம் தேதி கனடாவின் தலைநகரமான ஒட்டாவாவில் ஒரு மரம் நடும் வைபவம். இம்மாதிரி வைபவங்களில் மண்வெட்டியால் பேருக்கு ஒரு பிடி மண்ணைத் தள்ளிவிட்டுச் சிரித்தால் போதும். நம் மந்திரிகள் எல்லாருக்கும் இது தெரியும். கென்னடி உற்சாகமாகக் குனிந்து நிஜமாகவே மண்ணை அள்ளிப் போட்டார். முதுகு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு பல வாரம் கக்கத்துக் கட்டைகள்.

அன்றைக்கு அவருக்கு முதுகு மோசமாக இருந்திருந்தால் குனிந்திருக்க மாட்டார். நன்றாக இருந்தது, அதனால் குனிந்தார். வலிக்கிற நாளில் நாமே ஜாக்கிரதையாக இருந்துவிடுகிறோம். வலி குறைந்த நாள் வந்ததும், தள்ளிப்போட்ட எட்டு வேலைகளையும் அன்றைக்கே செய்யப் புறப்படுகிறோம். அடுத்த மூன்று நாள் படுக்கை. மூன்றாம் நாள் படுத்ததில் கொஞ்சம் தேறினதும் மறுபடி எட்டு வேலை. இப்படி ஏறியும் இறங்கியும் ஒரு வருஷம் போய்விடும்; மொத்தக் கணக்கில் நடை குறைந்துகொண்டே வந்திருக்கும். கென்னடிக்கு வழி கிடைத்தது அந்த வருஷம் அக்டோபரில்தான். ஹான்ஸ் க்ராஸ் என்ற வைத்தியர் வந்து, வாரத்தில் மூன்று நாள் சின்னச் சின்னத் தேகப் பயிற்சிகளாக, அளவு வைத்துச் செய்வித்தார். அதில்தான் மனிதர் தேறினார்.

இந்த அளவு வைப்பதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர்கள் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் இருந்தார்கள். ஜான் போனிகா என்ற டாக்டர், படிப்புச் செலவுக்காக முகமூடி போட்டுக்கொண்டு மல்யுத்த மேடையில் சண்டை போட்டவர். அந்த அடிகளின் வலியை ஆயுள் முழுவதும் சுமந்தவர். வலியைப் பற்றி 1953-ல் பெரிய நூல் எழுதினார். பல துறை வைத்தியர்கள் கூடி வலியைக் கவனிக்கும் ஆஸ்பத்திரிப் பிரிவை அங்கே அமைத்தார். அவரோடு இருந்த மனோதத்துவ நிபுணர் வில்பர்ட் ஃபோர்டைஸ் ஒரு வேடிக்கையான விஷயத்தைக் கவனித்தார். வலிக்கும்வரை வேலை செய்து, வலித்ததும் ஓய்வெடுத்தால், ஓய்வு என்ற சன்மானம் வலிக்குக் கிடைக்கிறது! ஆகவே ஓய்வை வலியின் கையிலிருந்து பிடுங்கிக் கடிகாரத்தின் கையில் கொடுத்தார். இத்தனை நிமிஷம் நட, பிறகு ஓய்வு. வலித்தாலும் அவ்வளவுதான், வலிக்காவிட்டாலும் அவ்வளவுதான். மாத்திரையும் அப்படியே: வலி உச்சிக்கு ஏறின பிறகு தேடாமல் வேளைப்படி, குறைப்பதும் டாக்டர் சொன்ன கணக்குப்படி.

எனக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் இந்தப் பெயர்களையெல்லாம் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள்.

"மூணு நாள் நடந்து பாருங்க ஸார். போதும்னு தோணறப்போ மணியைப் பார்த்து எழுதிடுங்க."

ஆனந்தரங்கப் பிள்ளையின் ஊரில் நானும் நாட்குறிப்பு எழுதினேன். முதல் நாள் 9 நிமிஷம், இரண்டாம் நாள் 14, மூன்றாம் நாள் 7. அவள் கூட்டி வகுத்தாள். சராசரி 10. "அப்படின்னா 8 நிமிஷத்திலே ஆரம்பிக்கலாம்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினான்கு நடந்தவனை எட்டுக்கு இறக்குவதா? "பதினாலு நடந்ததுக்கு மறுநாள் ஏழுதானே ஸார் நடந்தீங்க?" என்றாள் அந்தப் பெண். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஒரு நிமிஷம் கூட்டுவது என்று ஏற்பாடு. காந்தி சிலையிலிருந்து புறப்பட்டு டூப்ளே சிலை இருக்கும் திசையில் நடப்பேன். காற்று சுகமாக இருக்கும். கால் இன்னும் போ என்னும். கடிகாரம் எட்டு என்றதும் சுவரில் சாய்ந்துவிடுவேன். நல்ல நாளில் நிற்பது போன்ற கஷ்டம் கெட்ட நாளில் நடப்பதில் இல்லை.

அக்காவுக்கு இந்த முறையில் நம்பிக்கை ஏற்படவில்லை. முகத்தை ஒரு தரம் சுளித்தால் போதும்.

"வலிக்கிறதுன்னா படேன்டா. யார் உன்னை விரட்டறா?"

"படுத்தால் நாளைக்கும் வலிக்கும் அக்கா."

"நடந்தா?"

"நடந்தாலும் வலிக்கும். ஆனால் நாளைக்கு ஒரு நிமிஷம் கூட நடப்பேன்."

"நல்ல கணக்கு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். சற்று நேரத்தில் வெந்நீர்ப் பை வரும்.

எல்லா வலியும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இடுப்பில் ஒரு சோர்ந்த வலி, மறுநாள் காலைக்குள் அடங்கிவிடுவது, வளர்கிற தசையின் முணுமுணுப்பு. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. காலில் மறுபடி மின்சாரம் ஓடி நாளுக்கு நாள் அதிகமானால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த ரண சிகிச்சை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குவதுண்டு. பாதம் தொங்கிப் போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல், தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்தல் இவை வந்தால் நிமிஷக் கணக்கெல்லாம் கிடையாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

நடை 20 நிமிஷத்தைத் தொட்டபோது நாற்காலிப் பிரச்னைக்கு வந்தோம். ஸ்வீடனில் நாகெம்ஸன் என்ற எலும்பு வைத்தியர் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் வட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். படுத்தால் மிகக் குறைவு, நின்றால் அதிகம், உட்கார்ந்தால் அதைவிட அதிகம், உட்கார்ந்து முன்னால் குனிந்தால் இன்னும் அதிகம். அதாவது எழுத்தாளன் என்கிற பிராணியின் இயற்கையான நிலை எதுவோ, அதுதான்! 1999-ல் ஜெர்மனியில் மறுபடி அளந்தபோது, சாய்ந்து உட்கார்ந்தால் நிற்பதைவிட அதிகமில்லை என்று தெரிந்தது. இந்தச் செய்தியை எனக்கு யாரோ இனாம் கொடுத்தது போல் வாங்கி வைத்துக்கொண்டேன். சாய்மானமுள்ள நாற்காலி, மடியில் பலகை. உட்காருவதற்கும் அதே கூட்டல் கணக்கு. 6 நிமிஷத்தில் ஆரம்பித்தோம். ஒரு வாக்கியத்தின் நடுவில் மணி அடித்துவிடும். கதாநாயகி கதவைத் திறக்கக் கையை நீட்டியபடி இருபது நிமிஷம் காத்திருப்பாள். நான் முற்றத்தில் நடந்துவிட்டு வந்து கதவைத் திறந்துவிடுவேன்.

இடையில் ஒரு காய்ச்சல் வந்து கணக்குப் பத்து நாள் பின்னால் போயிற்று. நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. காய்ச்சல் விட்டதும் அந்தப் பெண், விட்ட இடத்தில் தொடங்க விடவில்லை; பாதியாக்கிவிட்டாள். கட்டைவிரல் மரத்ததில் பாதி தெளிந்திருக்கிறது. மீதி தெளிவதற்கு ஒரு வருஷம்கூட ஆகலாம், தெளியாமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

சென்ற வாரம் பத்திரிகாசிரியர் டெலிபோனில் பேசினார். குரல் நன்றாக இருக்கிறது, ஆகையால் உடம்பும் நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அபிப்பிராயப்பட்டார். "பழையபடி வாரம் ஓர் அத்தியாயம் கொடுத்துவிடுங்கள்" என்றார். இப்போது ஒரு தடவைக்கு 25 நிமிஷம், நாளைக்கு நான்கு தடவை உட்காருகிறேன் என்றும், அதில் ஒன்றரைப் பக்கம் தேறுகிறது என்றும் சொன்னேன். அப்படியானால் மாதத்துக்கு இரண்டு அத்தியாயம் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். மூன்றாவது ஒன்றை நல்ல நாளாகப் பார்த்து எழுதித் தர முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன்.